பிரம்ம கமலம்: மழைக்காலத்தில் பூக்க ஒரு கூரை

ஆண்டுதோறும் ஜூன், ஜூலை வந்தால் தமிழ்ச் செய்தித்தாள்களின் மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் வந்துவிடும். நள்ளிரவில் ஏதோ ஒரு வீட்டு மாடியில் வெள்ளை வெளேரென்று விரிந்த பெரிய பூ. சுற்றிலும் வீட்டுக்காரர்கள், அக்கம்பக்கத்தார், சில படங்களில் ஊதுபத்தியும் கற்பூரமும். 'இமயமலையில் பூக்கும் அபூர்வ பிரம்ம கமலம்' என்று கீழே எழுதியிருக்கும். பூ அழகுதான், வாசனையும் தூக்கலாக இருக்கும். ஆனால் அது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த கள்ளி. எபிபில்லம் என்பது அதன் தாவரவியல் பெயர். இலை போலத் தெரிகிற தட்டையான தண்டை ஒடித்து மண்ணில் செருகினால் வேர் பிடித்துவிடும். அதனால்தான் சேலத்திலும் சிவகாசியிலும் அது இருக்கிறது.

இமயமலையில் பூக்கும் பிரம்ம கமலத்துக்கும் இந்தக் கள்ளிக்கும் உறவே கிடையாது. சாசூரியா ஆப்வல்லாட்டா என்ற அந்தச் செடி சூரியகாந்தி, சாமந்தி குடும்பத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 3,500 மீட்டருக்கு மேலேதான் சாதாரணமாகக் கண்ணில் படும். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான், தொட்டபெட்டா அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆக, தமிழ்நாட்டில் எந்த மலையுச்சியில் கொண்டுபோய் வைத்தாலும் இந்தச் செடிக்கு உயரம் போதாது. மாடித் தொட்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

உண்மையான பிரம்ம கமலத்தைப் படத்தில் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். முழங்காலைத் தாண்டாத உயரம். அடியில் பல் விளிம்புள்ள நீண்ட இலைகள். தண்டின் உச்சியில் படகு வடிவத்தில், வெளிர் மஞ்சளும் பச்சையும் கலந்த, எண்ணெய்த்தாள் மாதிரி ஒளி ஊடுருவும் மடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருக்கும். இந்த மடல்களைத்தான் எல்லோரும் பூ என்கிறார்கள், தாமரை என்று பெயர் வைத்ததும் இவற்றைப் பார்த்துத்தான். தாவரவியலில் இவை இதழ்களே அல்ல. பூவுக்கு அடியில் வரும் சிறப்பு இலைகள், அதாவது பூவடிச்செதில்கள். விலக்கிப் பார்த்தால் உள்ளே கருஊதா நிறத்தில் சிறிய குமிழ்கள் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு குமிழும் ஒரு தலை மஞ்சரி, அதாவது பல குட்டிப் பூக்கள் சேர்ந்த ஒரு கொத்து. மகரந்தம், தேன், விதை எல்லாம் அங்கேதான். வெளியே இருப்பது கூரை.

இந்தக் கூரை எதற்கு என்பதுதான் இந்தச் செடியின் கதையே. அதைப் புரிந்துகொள்ள அது வாழும் இடத்தின் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும்.

உத்தராகண்டின் கர்வால் மலைகளில் ஏறிக்கொண்டே போனால் சுமார் 3,500 மீட்டரில் மரங்கள் முடிந்துவிடும். கடைசியாக நிற்பது பூர்ஜ மரம், அந்தக் காலத்தில் ஏடெழுதப் பட்டை தந்த மரம். அதற்கு மேல் புல்வெளி. உள்ளூரில் புக்யால் என்பார்கள். இன்னும் மேலே பாறைச் சரிவு, பனியாறு தள்ளிவிட்டுப் போன கற்குவியல். பிரம்ம கமலத்துக்குப் பிடித்த இடம் இந்தப் பாறைச் சரிவுதான். புகழ்பெற்ற மலர்ப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் பலர் இதை அங்கே தேடி ஏமாறுகிறார்கள். பள்ளத்தாக்கின் நடைபாதை பெரும்பாலும் இந்தச் செடியின் எல்லைக்குக் கீழே கிடக்கிறது. காங்கரியா கிராமத்திலிருந்து பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் மற்றப் பக்கம் திரும்பி, சீக்கியர்களின் புனிதத் தலமான ஹேம்குண்ட் சாகிப் நோக்கி ஏற வேண்டும். 4,000 மீட்டரை ஒட்டியதும் பாதையோரப் பாறைகளுக்கு நடுவே கூட்டம் கூட்டமாக நிற்பதைப் பார்க்கலாம்.

அந்த உயரத்தில் பனி உருகி மண் தெரிய ஜூன் ஆகிவிடும். அக்டோபரில் மீண்டும் பனி விழத் தொடங்கும். இடையில் நான்கு மாதம். அதற்குள் துளிர்த்து, பூத்து, மகரந்தம் சேர்ந்து, விதை முற்றிப் பறக்கவும் வேண்டும். சிக்கல் என்னவென்றால் அந்த நான்கு மாதத்தில் பெரும்பகுதி தென்மேற்குப் பருவமழை. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை, பூக்கும் காலம் முழுக்க, மேகமும் தூறலும் ஆலங்கட்டியும். மகரந்தத்துக்கு ஈரம் ஆகாது. தண்ணீர் பட்டால் துகள்கள் ஊதி வெடிக்கும், இல்லையென்றால் முளைக்கும் திறனை இழக்கும். சமவெளிச் செடி மழை ஓயட்டும் என்று காத்திருந்து பூக்கலாம். இதற்கு அந்த வசதி இல்லை. மழை ஓயும்போது பனி வந்துவிடும்.

அப்புறம் குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. கடற்கரையில் 32 டிகிரி என்றால் 4,000 மீட்டரில் 6 டிகிரி. வேடிக்கை என்னவென்றால் வெயில் அங்கே குறைவதில்லை. சூரிய ஒளியை வடிகட்டும் காற்று மெலிந்திருப்பதால் அது இன்னும் கூர்மையாகத்தான் விழுகிறது. புற ஊதாக் கதிர்கள் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் கூடுகின்றன. மலையேறிகளுக்கு இது தெரியும்: முகம் வெயிலில் கருகும், நிழலில் கிடக்கும் கால் விறைக்கும். சூடு வந்துகொண்டேதான் இருக்கிறது, ஆனால் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு அங்கே காற்று அடர்த்தியாக இல்லை.

இந்த முரணைச் சோதனை செய்து பார்த்த ஒருவரின் பெயர்தான் இந்தச் செடிப் பேரினத்துக்கு, அதாவது இதன் நெருங்கிய உறவுச் செடிகள் எல்லாம் சேர்ந்த சாசூரியா என்ற கூட்டத்துக்கு, வாய்த்திருக்கிறது. ஜெனீவாவைச் சேர்ந்த ஒராஸ் பெனடிக்ட் டி சசூர், 18-ஆம் நூற்றாண்டு ஆல்ப்ஸ் ஆராய்ச்சியாளர். மோன் பிளாங்க் சிகரத்துக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று 1760-இல் அறிவித்தவர். 1786-இல் வேறு இருவர் முதன்முதலில் ஏறியதும் மறு வருடமே கருவிகளைத் தூக்கிக்கொண்டு தானும் ஏறினார். காற்றின் ஈரத்தை மனித முடியை வைத்து அளக்கும் கருவி, வானத்தின் நீலம் எவ்வளவு அடர்த்தி என்று ஒப்பிடும் வண்ண வட்டம் என்று எதையாவது செய்துகொண்டே இருந்த மனிதர். 1767-இல் அவர் செய்தது ஒரு கண்ணாடிப் பெட்டி. கண்ணாடி அடுக்குகளுக்குள் வெயிலை நுழையவிட்டு, சூடு வெளியேறாமல் தடுத்தால் எவ்வளவு ஏறும் என்று பார்த்தார். மேம்படுத்திய பெட்டியில் தண்ணீரின் கொதிநிலையையே தாண்டியது. இன்றைய சூரிய அடுப்புகளுக்கு அதுதான் முன்னோடி. அதோடு நிற்கவில்லை. பெட்டியை ஆல்ப்ஸ் மலையுச்சி ஒன்றுக்குச் சுமந்துபோய் வைத்தார். மேலே காற்று கடும் குளிர், ஆனாலும் பெட்டிக்குள் கீழே ஏறிய அளவுக்கே சூடு ஏறியது. மலையில் குளிர்வதற்குக் காரணம் வெயில் குறைவது அல்ல, சூடு தங்காததுதான் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டார்.

1810-இல் தாவரவியலாளர் அகஸ்டின் டி கண்டோல், சசூரையும் அவர் மகன் நிக்கோலா தியோடரையும் பாராட்டும் விதமாகச் சாசூரியா என்று பெயர் வைத்தார். மகனும் சாதாரண ஆள் இல்லை. செடியின் எடை கூடுவதில் காற்றிலுள்ள கரியமில வாயுவுக்கும் தண்ணீருக்கும் பங்குண்டு என்று அளந்து காட்டியவர். தமிழில் அமைப்பியல் பேசுகிறவர்கள் மேற்கோள் காட்டும் மொழியியலாளர் ஃபெர்டினாண்ட் டி சசூர், பெட்டி செய்தவரின் கொள்ளுப்பேரன். பெயர் வைத்த காலத்தில் இமயமலையின் பிரம்ம கமலம் யாருடைய கவனத்திலும் இருந்திருக்காது. தற்செயல்தான், ஆனால் எவ்வளவு பொருத்தமான தற்செயல்!

ஏனென்றால் பிரம்ம கமலத்தின் செதில் கூரை செய்வதும் ஏறத்தாழ அந்தப் பெட்டியின் வேலைதான். தாவரவியலாளர்கள் 'கண்ணாடிக்குடில் செடிகள்' என்று ஒரு கூட்டத்தைக் குறிப்பிடுவார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குடும்பங்களில், இமயமலையிலும் அதன் கிழக்கே சீனத்தின் ஹெங்துவான் மலைகளிலும், இதே உத்தி தனித்தனியாக உருவாகியிருக்கிறது. இதில் மிகப் பிரமாண்டமானது சிக்கிம், நேபாளம், பூடான் பகுதிகளில் வளரும் ரியம் நோபிலே என்ற ருபார்ப் செடி. ஆள் உயரத்துக்கு வெளிர் மஞ்சள் கோபுரமாக எழுந்து நிற்கும். 1840-களின் இறுதியில் சிக்கிமில் சுற்றிய தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் அதை ஒரு மைல் தொலைவிலிருந்தே அடையாளம் கண்டார். அதன் செதில்களைச் சோதித்தபோது அவை கண்ணுக்குத் தெரியும் ஒளியை உள்ளே விடுவதும், புற ஊதாவைப் பெருமளவு தடுப்பதும் தெரிந்தது. வெயில் அடிக்கும்போது உள்ளே வெளியைவிடப் பல டிகிரி கூடுதல் சூடு. செதில்களைப் பிய்த்துவிட்டால் மழையில் மகரந்தம் கெட்டது, விதை குறைந்தது. பிரம்ம கமலத்தின் நெருங்கிய உறவான சாசூரியா வெலுட்டினாவை வைத்து ஹெங்துவானில் நடந்த ஆய்வும் இதே திசையில்தான் போகிறது: மாறிக்கொண்டே இருக்கும் மலை வானிலையிலிருந்து பூக்கொத்தைச் செதில்கள் காக்கின்றன.

பிரம்ம கமலத்தின் செதில்கள் முழுவதும் மூடிக்கொள்வதில்லை. மேலே இடுக்கு இருக்கும். உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த பம்பிள்பீ தேனீக்கள் அந்த வழியாக நுழையும். சாதாரணத் தேனீ அந்தக் குளிரில் எழும்பாது. பம்பிள்பீ தன் பறக்கும் தசைகளை அதிரவிட்டு உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும். தூறலும் காற்றுமாக இருக்கும் நாளில் அதற்கும் இது ஒதுங்க ஓர் இடம்.

இதே பேரினத்தில் வேறு வழியில் போன உறவினர்களும் உண்டு. உத்தராகண்டில் பேன் கமல் என்று சொல்லும் செடி, செதில் கூரை வேய்வதற்குப் பதில் உடம்பு முழுக்க வெள்ளைக் கம்பளி போர்த்திக்கொள்கிறது. கல்லுக்கு நடுவே ஆட்டுக்குட்டி சுருண்டு கிடப்பது போல இருக்கும். இந்த உத்தி இன்னும் உயரமான இடங்களுக்கு எடுபடுகிறது. சாசூரியா நஃபலோடிஸ் என்ற இன்னொரு கம்பளிக்காரர் 6,000 மீட்டருக்கு மேலும் பதிவாகியிருக்கிறது. பூக்கும் செடிகள் தொட்ட மிக உயரமான இடங்களில் அதுவும் ஒன்று.

இனி வேர். இந்த உயரத்தில் ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, மடியும் செடிகள் மிகக் குறைவு. நான்கு மாதம் அவற்றுக்குப் போதாது, ஒரு வருடம் பனி சீக்கிரம் விழுந்தால் வம்சமே போய்விடும். அதனால் பெரும்பாலானவை பல்லாண்டுச் செடிகள். பிரம்ம கமலமும் அப்படித்தான். அக்டோபரில் மேலே உள்ளதெல்லாம் காய்ந்து சாயும். தடித்த வேர்த்தண்டு மட்டும் பனிக்கு அடியில் உயிரோடு கிடக்கும். பனி அதற்கு எதிரி இல்லை. வெளியே சுழியத்துக்குக் கீழே போகும்போது பனிப்போர்வைக்கு அடியில் மண் அவ்வளவு மோசமாகக் குளிர்வதில்லை. கோடையில் சேர்த்த மாவுச்சத்தை வைத்துக்கொண்டு அடுத்த ஜூனில் உடனே துளிர்க்கும். ஆனால் விதையிலிருந்து எழும் புதுச் செடி இந்த இருப்பைச் சேர்க்க வருடங்கள் ஆகும். கோடையே நான்கு மாதம் என்றால் சேமிப்பும் அந்த வேகத்தில்தான் நடக்கும்.

இந்த மெதுவான வாழ்க்கையோடுதான் மனிதர்களின் பக்தி மோதுகிறது.

பிரம்ம கமலம் கர்வால் மக்களுக்கு வெறும் காட்டுப்பூ அல்ல. கேதார்நாத்திலும் பத்ரிநாத்திலும் சாமிக்குச் சாத்தும் பூ. மலைமகள் நந்தா தேவிக்கு உரிய பூ. 2000-இல் மாநிலம் உருவான பிறகு உத்தராகண்ட் இதை மாநில மலராக்கியது. அதற்கு முன்பே, 1982-இல், இந்திய அஞ்சல் துறையின் இமயமலைப் பூக்கள் தபால்தலை வரிசையில் இடம்பெற்றுவிட்டது. மகாபாரதத்தில் திரௌபதிக்காகப் பீமன் தேடிப்போன சௌகந்திகப் பூ இதுதான் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வன பர்வத்தில் அது குபேரனின் பொய்கையில் பூத்த தாமரை. பீமன் காவலர்களோடு சண்டைபோட்டு நீரில் இறங்கித்தான் பறிக்கிறான். பாறைச் சரிவில் நிற்கும் செடிக்கு அந்தச் சிரமம் தேவையில்லை.

பறிப்பதற்குப் பழைய கிராமங்களில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பாத்ரபத மாதத்து வளர்பிறை அஷ்டமியான நந்தாஷ்டமிக்கு முன்னால் உயர்மலைப் பூக்களில் கை வைக்கக்கூடாது. நம் கணக்கில் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் பிற்பகுதிவரை எங்கேயாவது வரும் நாள் அது. அதற்குள் முதலில் பூத்த செடிகளிலாவது விதை பிடித்திருக்கும். தெய்வத்தின் பெயரால் சொன்னது, பயன் செடிக்கு. எல்லா இடத்திலும் இந்த வழக்கம் ஒரே மாதிரி இருந்தது என்று சொல்ல முடியாது. கேதார்நாத்தில் சிராவண மாதமே, அதாவது ஜூலை, ஆகஸ்ட்டிலேயே, சிவனுக்குச் சாத்தும் வழக்கம் உண்டு. ஊர்க்காரர்கள் சிலர் மலையேறிக் கூடையில் எடுத்துவந்த காலத்தில் இதனால் பெரிய நஷ்டம் இருந்திருக்காது. இன்றைய கணக்கு வேறு. 2023-இல் மட்டும் கேதார்நாத்துக்கு 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அவர்களில் நூற்றில் ஒருவர் பூ கேட்டாலும் 19,000 பூ.

இதில் கவனிக்க வேண்டியது, நாம் எதைப் பறிக்கிறோம், எப்போது பறிக்கிறோம் என்பது. கண்ணைக் கவர்வது செதில் கூரை. கூரை அழகின் உச்சத்தில் இருக்கும் நாட்கள்தான் உள்ளே மகரந்தச் சேர்க்கை நடக்கும் நாட்கள். அப்போது தண்டோடு ஒடித்தால் அந்த வருட விதை முழுவதும் போகிறது. வேரோடு வந்தால் கதை முடிந்தது. வேர் தங்கிவிட்டால், அங்கேதான் ஏமாற்று வேலை இருக்கிறது. செடி பல்லாண்டுச் செடி என்பதால் அடுத்த வருடமும் அதே இடத்தில் துளிர்க்கும். பறிப்பவர் அதைப் பார்த்து 'போன வருஷம் பறிச்சோம், இந்த வருஷமும் வந்திருக்கே' என்பார். தப்பு சொல்ல முடியாது, அவர் பார்த்தது உண்மைதான். பார்க்காதது, சுற்றிலும் புதுக் கன்றுகள் இல்லாததை. கிழச் செடிகள் மட்டும் நிற்கும் சரிவு வெளிப்பார்வைக்குச் செழிப்பாகவே இருக்கும். அவை ஒவ்வொன்றாக மடியும்போதுதான் குறை தெரியும், அதற்குள் நிறைய வருடங்கள் ஓடியிருக்கும்.

பறிப்பது ஒரு செடியினத்தையே எப்படி மாற்றும் என்பதற்கு இதே பேரினத்தில் நல்ல சான்று இருக்கிறது. திபெத், சீனத்தின் யுன்னான் பகுதியில் மருந்துக்காகப் பறிக்கப்படும் சாசூரியா லேனிசெப்ஸ் என்ற பனித்தாமரை, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பூத்து மடியும் செடி. வியாபாரிகள் கேட்பது பெரிய பூக்களை. மிசௌரி தாவரவியல் தோட்டத்து ஆய்வாளர்கள் உலர்தாவரச் சேமிப்பகங்களில் நூறாண்டுக்கும் மேலாகச் சேர்ந்த மாதிரிகளை அளந்தார்கள். செடியின் உயரம் காலப்போக்கில் குறைந்துகொண்டே வந்திருந்தது. நெட்டையானவற்றைத் தேர்ந்து பறித்துவிட, குட்டையானவை மட்டும் விதை போட்டிருக்கின்றன. அவ்வளவாகப் பறிக்கப்படாத இன்னோர் உறவினரிடம் இந்தச் சுருக்கம் இல்லை. பறிக்கத் தடை உள்ள புனித இடங்களில் லேனிசெப்ஸும் நெட்டையாகவே நின்றது. 2005-இல் வெளிவந்த ஆய்வு இது.

நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கோஷ்டமும் இந்தக் குடும்பத்துக் கதைதான். சாசூரியா காஸ்டஸ் என்ற காஷ்மீர்ப் பக்கத்துச் செடியின் வேர் அது. வேருக்காகத் தோண்டித் தோண்டி, 1985-இல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான வணிகக் கட்டுப்பாட்டின் கீழ், கொண்டுவர வேண்டியதாயிற்று. கோஷ்டத்துக்கு ஒரு நல்ல காலம்: இமாச்சலத்தின் லாஹௌல் பகுதியில் வயலில் பயிராகிறது. பிரம்ம கமலத்தை அப்படி வயலுக்குக் கொண்டுவருவது எளிதல்ல. ஒரு பூவை விற்பதற்காக 4,000 மீட்டர் குளிரையும் நான்கு மாதக் கோடையையும் ஏற்றுக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருக்க எந்த விவசாயிக்கும் கட்டுப்படியாகாது.

வெப்பமயமாதல் இதோடு சேர்ந்துகொள்கிறது. சூடு ஏறினால் மரங்களும் புதர்களும் மேலே நகரும், புக்யால் செடிகளும் மேலே நகர வேண்டும். மலை மேலே போகப் போகக் குறுகும். மேலே ஒருகட்டத்தில் மண்ணே இருக்காது, வெறும் பாறையும் பனியும்தான். ஏறிப்போக விதை வேண்டும் என்பது இங்கே முக்கியம். வேர்த்தண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். சரிவில் நூறு மீட்டர் மேலே போய் இடம் பிடிப்பது காற்றில் பறக்கும் பஞ்சு முடி வைத்த விதை மட்டுமே. கேதார்நாத் வட்டாரத்தில் நாம் ஆகஸ்ட்டில் பறிப்பது அந்த விதையைத்தான்.

தேசியப் பூங்காக்களில் பூப்பறிக்கச் சட்டத் தடை இருக்கிறது. மலை முழுக்கக் காவலாளி போட முடியாது, பல தலைமுறையாகச் சாமிக்குப் பூ கொண்டுவந்த ஊர்க்காரரைத் திருடனாக்குவதும் சரியாகப் படவில்லை. என் கணிப்பில் தடையைவிடப் பழைய நந்தாஷ்டமி விதி கெட்டிக்காரத்தனமானது. கோயில்களே அந்த நாளுக்கு முன் இந்தப் பூவை ஏற்பதில்லை என்று சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி கடைத்தெருவில் இருக்கிறது. செப்டம்பர் கடைசியில், விதை கிளம்பிய பிறகு, செதில்கள் பழுப்பேறிச் சுருங்கிவிடும். அந்தக் கோலத்தில் பூவைக் காசு கொடுத்து வாங்க யாத்ரீகர்கள் வரிசையில் நிற்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.